ரேடியோ கன்சோல்ல மாட்யூல் அட்ரஸ் செட் பண்றது: பேப்பர்ல ஆரம்பிச்சு ஏர்ல போற வரைக்கும்

புதுசா ஸ்டூடியோ இன்ஜினியரிங்க்கு வர்ற பசங்க மிக்ஸர்ல கை வைக்க பயப்பட மாட்டாங்க, ஆனா மாட்யூல் அட்ரஸ்னு வந்தா ஒண்ணு ரொம்ப லேசா எடுத்துக்குவாங்க, இல்ல தொடவே மாட்டாங்க. ரெண்டுமே தப்பு. வேலை என்னமோ சின்ன வேலைதான், ஆனா வரிசை மாறினா ஒரு மணி நேரத்துல முடியறது ராத்திரி முழுக்க இழுக்கும். அதனால எந்த வரிசையில பண்ணணும், ஏன் அப்படி, எங்க எல்லாரும் தடுமாறுறாங்கன்னு இங்க எழுதறேன்.

உதாரணத்துக்கு ஒரு 16 ஃபேடர் (சத்தத்த ஏத்தி இறக்க தள்ளற பிடி) ஆன்-ஏர் கன்சோல எடுத்துக்குவோம். நாலு நாலு ஃபேடரா 4 ஃபேடர் மாட்யூல், நடுவுல ஒரு மானிட்டர் மாட்யூல், வலது ஓரத்துல போன்-டாக்பேக் (போன் கால், பக்கத்து ரூமோட பேசறது) மாட்யூல் ஒண்ணு, மொத்தம் 6. எல்லாம் கேன் பஸ்ல (எல்லா மாட்யூலும் ஒரே ஜோடி வயர்ல செய்தி அனுப்பிக்கற இணைப்பு) ஒண்ணுக்கொண்ணு சங்கிலி மாதிரி கோர்த்து, ரேக்ல இருக்கற கோருக்கு (ஆடியோவ நிஜமா கலக்கற பெட்டி) போகுது. டிஎச்டிங்கற கம்பெனியோடது மாதிரி மாட்யூலர் கன்சோல்கள்ல மாட்யூலுக்கும் கோருக்கும் நடுவுல ஓடறது இந்த கேன் பஸ்தான். உங்க மாடல்ல ஸ்விட்ச் இருக்கற இடம், மெனு பேரு இதெல்லாம் வேறயா இருக்கலாம், அதுக்கு மேனுவல் பாருங்க, ஆனா வேலையோட வரிசை பெருசா மாறாது.

1. அட்ரஸ் எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

டிஜிட்டல் கன்சோல்ல ஃபேடர் வழியா ஆடியோ போகாது. மிக்ஸிங் எல்லாம் ரேக்ல இருக்கற கோர்ல நடக்குது, மேஜை மேல இருக்கறது வெறும் ரிமோட் மாதிரி. நீங்க ஃபேடர தள்ளினா அந்த மாட்யூல் "நான் 3-ஆம் நம்பர், என்னோட 2-ஆவது ஃபேடர் இவ்வளவு ஏறியிருக்கு"ன்னு பஸ்ல ஒரு செய்தி அனுப்பும், கோர் அந்த 3-ங்கற நம்பரை வச்சுத்தான் இது ஆர்ஜே மைக்கா பாட்டு ஓடற பிசியான்னு முடிவு பண்ணும்.

அந்த நம்பர்தான் அட்ரஸ். மாட்யூல் எங்க உக்காந்திருக்குன்னு கோருக்கு கண்ணு கிடையாது, நம்பர் மட்டும்தான் தெரியும். இது மனசுல பதிஞ்சுட்டா கீழ வர்ற பாதி தப்பு தானா புரிஞ்சுரும்.

சில கன்சோல்ல ஸ்லாட்டே அட்ரஸ முடிவு பண்ணும், எந்த மாட்யூல சொருகினாலும் அந்த இடத்தோட நம்பர எடுத்துக்கும். உங்களது அந்த வகைன்னா 6-ஆவது படி உங்களுக்கு வேண்டாம், மத்ததெல்லாம் வேணும்.

2. ஸ்க்ரூ கழட்டறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவர், ஆன்டி-ஸ்டாட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப், மார்க்கர், லேபிள் ஸ்டிக்கர், டார்ச், போட்டோ எடுக்க போன். டிப் ஸ்விட்ச (அட்ரஸ் போடற குட்டி ஸ்விட்ச் வரிசை) தள்ள பென்சில் எடுக்காதீங்க, கிராஃபைட் தூள் கரண்ட் கடத்தும், ஸ்விட்சுக்குள்ள போனா அப்புறம் அட்ரஸ் எப்ப எப்படி மாறும்னு சொல்ல முடியாது.

இதை விட முக்கியம் கோரோட கான்ஃபிகரேஷன் பேக்கப். லேப்டாப்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு, தேதியோட. வேலை பாதியில சிக்கிக்கிட்டா பழைய நிலைமைக்குத் திரும்ப உங்ககிட்ட வேற வழி இருக்காது.

இன்னொண்ணு, எல்லா மாட்யூலோட ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) வெர்ஷனையும் இப்பவே எழுதிக்கோங்க. அட்ரஸ் சரியா இருந்தும் ஒரு மாட்யூல் கோருக்குத் தெரியலைன்னா பல நேரம் ஃபர்ம்வேர்தான் காரணம், அது தெரியாம ஸ்விட்சயே திரும்பத் திரும்ப மாத்திட்டு உக்காந்திருக்கறவங்கள பாத்திருக்கேன்.

கடைசியா, இப்ப இருக்கற ஸ்விட்ச் நிலைய ஒவ்வொரு மாட்யூல்லயும் போட்டோ எடுங்க. தொடறதுக்கு முன்னாடி. தொட்டுட்டு எடுத்த போட்டோ எதுக்கும் உதவாது.

3. நம்பர் பிளான் பேப்பர்ல போடுங்க

நேரா ஸ்விட்ச்ல கை வைக்கறதுதான் எல்லாரும் பண்ற முதல் தப்பு. முதல்ல ஒரு வெள்ளை பேப்பர்ல கன்சோல ஆர்ஜே உக்கார்ற பக்கத்துல இருந்து பாக்கற மாதிரி வரைஞ்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் நம்பர் எழுதுங்க.

நம்ம உதாரணத்துல இடமிருந்து வலமா ஃபேடர் மாட்யூல் 1, 2, 3, 4. மானிட்டர் 20. போன்-டாக்பேக் 24. ஏன் 5, 6-ன்னு போடலைன்னா, நாளைக்கு இன்னொரு ஃபேடர் மாட்யூல் வாங்கினா அது 5-ஆ வந்து உக்காரும், மானிட்டரோட நம்பர மாத்த வேண்டியதில்ல. நம்பர மாத்தினா கோர்ல மேப்பிங், மைக் மியூட் லாஜிக் (ரெண்டும் 10-ல வரும்) எல்லாத்தையும் திரும்ப தொடணும், அந்த வேலையே வராம பண்ணிடலாம். ஒரு சில கன்சோல் மட்டும் நம்பர் தொடர்ச்சியா வரணும்னு கேக்கும், மேனுவல்ல அந்த ஒரு வரிய மட்டும் தேடிப் பாத்துருங்க.

0-ங்கற நம்பர எந்த மாட்யூலுக்கும் குடுக்காதீங்க. நிறைய சிஸ்டத்துல 0-ன்னா "இன்னும் அட்ரஸ் குடுக்கல" இல்ல "எல்லாருக்கும் பொது"ன்னு அர்த்தம். 5 ஸ்விட்ச் இருந்தா 0-ல இருந்து 31 வரைக்கும் நம்பர் கிடைக்கும், 0-ஐ விட்டா 31 மாட்யூல், ஒரு கன்சோலுக்கு அது தாராளம்.

ரெண்டு கன்சோல் ஒரே கோர்ல ஓடுதுன்னா ரெண்டுக்கும் தனித்தனி பஸ்ஸா இல்ல ஒரே பஸ்ஸான்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க. ஒரே பஸ்ன்னா ரெண்டு கன்சோலுக்கும் சேத்து ஒரே பேப்பர்ல பிளான் போடணும், ப்ரொடக்‌ஷன் ரூம்ல ஒரு 1, ஆன்-ஏர் ரூம்ல ஒரு 1-ன்னு இருக்கவே கூடாது.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். மாட்யூல பின்பக்கமா பாக்கும்போது, இல்ல ஃப்ரேம கவுத்துப் போடும்போது, இடது வலது மாறிடும். முன்னாடி இடது ஓரத்துல இருந்த மாட்யூல் பின்னாடி நின்னா வலது ஓரத்துல இருக்கும். ஒரு தம்பி பின்பக்கம் நின்னுக்கிட்டே இடமிருந்து வலமா 1, 2, 3, 4 போட்டு, முன்னாடி வந்து பாத்தா எல்லாம் தலைகீழ். அதனால பேப்பர்ல "முன்பக்கம்"னு பெருசா எழுதுங்க, ஒவ்வொரு மாட்யூல் முகத்துலயும் நம்பர் ஸ்டிக்கர முன்னாடி நின்னே ஒட்டிட்டு அப்புறமா பின்னாடி போங்க.

4. கன்சோல ஏர்ல இருந்து எடுங்க

நிகழ்ச்சி ஓடிட்டு இருக்கும்போது இந்த வேலை வேண்டாம், ஒரே ஒரு மாட்யூல்தானேன்னாலும் வேண்டாம். ஒரு தப்பான அட்ரஸ் மத்த மாட்யூலையும் சேத்து பஸ்ல இருந்து தள்ளிவிடும், அது எப்படின்னு 9-ல சொல்றேன்.

ப்ளேஅவுட் பிசியோட (பாட்டு ஓடற பிசி) அவுட்புட்ட கன்சோல் இல்லாம நேரா ட்ரான்ஸ்மிட்டர் லிங்குக்குப் போற மாதிரி பைபாஸ் பண்ணுங்க. பண்ணிட்டு ஒரு சாதா ரேடியோ செட்ல உங்க ஸ்டேஷன வச்சு ஒரு முழு பாட்டு கேளுங்க. பைபாஸ் லைட் எரியுதுங்கறத நம்பாதீங்க, காதால கேளுங்க.

அப்புறம் ட்யூட்டில இருக்கறவர்கிட்ட எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிப்பீங்கன்னு சொல்லிட்டு, கன்சோல் பவர ஆஃப் பண்ணுங்க. கோருக்கு ரெண்டு பவர் சப்ளை இருந்தா ரெண்டையும் பாருங்க.

5. பஸ்ஸ முதல்ல அளந்து பாருங்க

இந்தப் படிய பாதி பேர் பண்றதே இல்ல. பஸ் கோளாறும் அட்ரஸ் கோளாறும் வெளிய ஒரே மாதிரிதான் தெரியும், மாட்யூல் வரும் போகும், எல்இடி விட்டு விட்டு எரியும். அதனால அட்ரஸ தொடறதுக்கு முன்னாடி பஸ் நல்லா இருக்குன்னு உறுதி பண்ணிடணும், இல்லன்னா அப்புறம் எது எதுனால வருதுன்னு பிரிக்க முடியாது.

கேன் பஸ்ஸோட ரெண்டு கோடியிலயும் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் முனையில மோதித் திரும்பாம தடுக்கற ரெசிஸ்டர்) ஒவ்வொண்ணு இருக்கணும். பவர் ஆஃப்ல, எல்லா கேபிளும் சொருகின நிலையில, பஸ்ஸோட ரெண்டு வயரான கேன் ஹை-க்கும் கேன் லோ-வுக்கும் நடுவுல மீட்டர் வைங்க. ரெண்டு 120 பேரலல்ல இருந்தா 60 ஓம் காட்டும். 60-க்குப் பக்கத்துல இருந்தா சரி, மேல போங்க.

120 காட்டினா ஒரு டெர்மினேட்டர் காணோம், இல்ல நடுவுல எங்கயோ கேபிள் அறுந்திருக்கு. 40 காட்டினா மூணு இருக்கு. 30-னா நாலு. மூணு நாலு எப்படி வரும்னா, நிறைய மாட்யூல்ல டெர்மினேஷன் ஸ்விட்ச் அட்ரஸ் ஸ்விட்ச் இருக்கற அதே டிப் பிளாக்லயே இருக்கும். 8 ஸ்விட்ச்ல முதல் 5 மட்டும் அட்ரஸ், மிச்சம் ஸ்பீடு, டெர்மினேஷன்னு இருக்கும், புதுசா வர்றவங்க எட்டும் அட்ரஸ்தான்னு நினைச்சு எல்லாத்தையும் தட்டி விட்டுருப்பாங்க.

புது மாட்யூல ஓரத்துல சேக்கறீங்கன்னா டெர்மினேஷனும் அங்க நகரணும். பழைய கடைசி மாட்யூல்ல ஆஃப், புது கடைசில ஆன்.

கேபிள் நீளமும் பாருங்க. 1 மெகாபிட் ஸ்பீடுல கேன் பஸ் சுமார் 40 மீட்டர் வரைக்கும்தான், 500 கிலோபிட்னா சுமார் 100 மீட்டர், 250 கிலோபிட்னா சுமார் 250 மீட்டர். ஸ்டூடியோவுல இருந்து ரேக் ரூம் வரைக்கும் மேல சீலிங் வழியா சுத்திப் போற கேபிள் நாம நினைக்கறத விட நீளமா இருக்கும். அப்புறம் சங்கிலி மாதிரி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போகணும், நட்சத்திரம் மாதிரி ஒரு இடத்துல இருந்து பிரிஞ்சு போகக் கூடாது, ஒவ்வொரு கிளையோட முனையிலயும் சிக்னல் திரும்பி எதிரொலிச்சு பிட் கெட்டுப் போகும்.

6. ஸ்விட்ச்ல நம்பர் போடறது

இங்கதான் அதிக தப்பு நடக்குது, அதனால நிதானமா எழுதறேன்.

டிப் ஸ்விட்ச் வகைன்னா ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு மதிப்பு. 1-ஆவது ஸ்விட்சுக்கு 1, 2-ஆவதுக்கு 2, 3-ஆவதுக்கு 4, 4-ஆவதுக்கு 8, 5-ஆவதுக்கு 16. ஆன்ல இருக்கறத மட்டும் கூட்டினா அட்ரஸ். நம்ம பிளான்படி 3 வேணும்னா 1-உம் 2-உம் ஆன். 4 வேணும்னா 3-ஆவது மட்டும் ஆன். 20-க்கு 3-உம் 5-உம். 24-க்கு 4-உம் 5-உம்.

ஆனா சில போர்டுல மதிப்பு தலைகீழா இருக்கும், 1-ஆவது ஸ்விட்ச்தான் 16, 5-ஆவதுதான் 1. அந்த மாதிரி போர்டுல மேல சொன்ன மாதிரி போட்டா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க. 3-க்குப் போட்டது 24-ஆ படிக்கும், 24-க்குப் போட்டது 3-ஆ படிக்கும். போன் மாட்யூலும் ஃபேடர் மாட்யூலும் இடம் மாறி நிக்கும். 4 மட்டும் எந்தப் பக்கம் இருந்து படிச்சாலும் 4 தான், ஏன்னா நடு ஸ்விட்ச் மட்டும்தான் ஆன். அதனால 4-ஐ வச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு "சரியாத்தான் இருக்கு"ன்னு நம்பிடாதீங்க, 10, 17, 21 இதெல்லாமும் இப்படித்தான், ரெண்டு பக்கமும் ஒரே நம்பர். டெஸ்டுக்கு 1-ஐ எடுத்துக்கோங்க. சரியா இருந்தா 1, தலைகீழ்னா 16-ஆ வந்து நிக்கும், உடனே தெரிஞ்சுரும்.

ஆன் எந்தப் பக்கம்ங்கறதும் ஒரு குழப்பம். மேல தள்ளினா ஆன்னு கை தானா பழகியிருக்கும், ஆனா பிளாக்க போர்டுல கவுத்து சால்டர் பண்ணியிருந்தா ஆன் கீழ இருக்கும். பிளாக் மேல அச்சடிச்சிருக்கற எழுத்த டார்ச் அடிச்சுப் படிங்க. சில பிளாக்ல ஆன்னு போடாம ஓபன்னு அச்சடிச்சிருக்கும், ஓபன்னா சர்க்யூட் திறந்திருக்குன்னு அர்த்தம், அதாவது ஆஃப். இதையே ஆன்னு எடுத்துக்கிட்டா 5 ஸ்விட்சும் நேர்மாறா போயிடும், 3-க்குப் பதிலா 28 வரும்.

ரோட்டரி வகைன்னா சின்ன வட்டமா 0-ல இருந்து 9, அப்புறம் ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் இருக்கும். ஏ-ன்னா 10, எஃப்-னா 15. ஒரே ஒரு ரோட்டரி இருந்தா பிரச்சனை இல்ல. ரெண்டு இருந்தா முதல் வட்டம் பத்தாம் இடம் இல்ல, பதினாறாம் இடம். 20 வேணும்னா 2, 0-ன்னு வைக்கக் கூடாது, அது 32. 1, 4-ன்னு வைக்கணும், 16-உம் 4-உம் சேந்து 20. அதே மாதிரி 24-க்கு 1, 8. பேப்பர் பிளான்லயே ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல ரோட்டரி எழுத்தையும் எழுதிட்டீங்கன்னா ஸ்க்ரூடிரைவர் பிடிச்சுக்கிட்டு மனக்கணக்கு போட வேண்டாம்.

ரோட்டரிய திருப்பும்போது ஒவ்வொரு எழுத்துலயும் ஒரு சின்ன க்ளிக் இருக்கும், அந்த க்ளிக்ல முழுசா நிக்கணும். ரெண்டு எழுத்துக்கு நடுவுல நின்னா இன்னைக்கு ஒரு நம்பர், கன்சோல் சூடானதும் வேற நம்பர்னு ஆகலாம். அம்புக்குறி எந்த முனைங்கறதும் பாருங்க, ஸ்க்ரூடிரைவர் போற பள்ளத்துக்கு ரெண்டு முனை, அம்பு ஒரு முனையிலதான்.

நிறைய மாட்யூல் ஸ்விட்ச பவர் வரும்போது ஒரே ஒரு தடவைதான் படிக்கும். பவர் ஆன்ல இருக்கும்போது ஸ்விட்ச மாத்திட்டு "மாறவே இல்லையே"ன்னு இன்னும் மாத்தி, இன்னும் மாத்தி, ராத்திரி பவர் போய் வந்ததும் கடைசியா விட்ட நம்பரோட எழுந்திருக்கும். அதனாலதான் பவர் ஆஃப்லயே மாத்தச் சொல்றேன்.

7. ஒண்ணொண்ணா பஸ்ல சேருங்க

ஆறு மாட்யூலையும் செட் பண்ணிட்டு மொத்தமா ஆன் பண்ணாதீங்க. சண்டை வந்தா யாருக்கும் யாருக்கும்னு கண்டுபிடிக்கவே பாதி நாள் போயிடும்.

முதல்ல கோரும் 1-ஆம் மாட்யூலும் மட்டும். பஸ் சங்கிலி அங்கயே முடியறதால தற்காலிகமா டெர்மினேட்டர அந்த இடத்துல வைக்கணும், இதுக்குன்னே ஒரு தனி டெர்மினேட்டர் ப்ளக் வச்சுக்கறது நல்லது. பவர் ஆன், கோரோட சாஃப்ட்வேர்ல டிவைஸ் லிஸ்ட திறந்து பாருங்க, 1-ன்னு ஒரு மாட்யூல் வந்திருக்கணும், அது ஃபேடர் வகைன்னு காட்டணும், ஃபர்ம்வேர் நீங்க எழுதி வச்சதோட ஒத்துப் போகணும். பேப்பர்ல ஒரு டிக். பவர் ஆஃப், அடுத்தது.

ஆறு தடவை ஆஃப் ஆன் பண்றது எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா இந்த வழியில எந்த மாட்யூல் வந்ததும் லிஸ்ட் கெட்டுதோ அதுதான் குற்றவாளின்னு அங்கயே தெரிஞ்சுரும்.

மாட்யூல தனியா மேஜையில வச்சு, கோர் இல்லாம பவர் மட்டும் குடுத்து டெஸ்ட் பண்றதுல பிரயோஜனம் இல்ல. கேன்ல ஒரு செய்தி அனுப்பினா பஸ்ல இருக்கற இன்னொருத்தர் "கிடைச்சுது"ன்னு ஒரு பிட் போடணும், யாருமே இல்லன்னா மாட்யூல் அதே செய்திய திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே கிடக்கும், சில மாட்யூல்ல எர்ரர் லைட்டும் எரியும். அத பாத்து நல்ல மாட்யூல போச்சுன்னு ஓரம் கட்டினவங்க உண்டு.

8. ஸ்விட்சே இல்லாத கன்சோல்

புது கன்சோல்கள் பலதுல ஸ்விட்ச் இருக்காது, சாஃப்ட்வேர்லயே குடுக்கணும். வழக்கமா ரெண்டு விதம்.

ஒரு விதத்துல ஒவ்வொரு மாட்யூலுக்கும் தொழிற்சாலையிலயே போட்ட சீரியல் நம்பர் இருக்கும், லிஸ்ட்ல அது தெரியும், பக்கத்துல நீங்க அட்ரஸ் எழுதணும். இங்க தப்பு வர்றது எந்த சீரியல் எந்த மாட்யூல்னு ஊகிக்கறதுல. ஐடென்டிஃபை பட்டன் இருந்தா அழுத்துங்க, மாட்யூல்ல எல்இடி மின்னும். இல்லன்னா பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கற சீரியல கடைசி நாலு எழுத்தாவது ஒத்துப் பாருங்க, முதல் எழுத்துகள் ஒரே பேட்ச்ல எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் இருக்கும்.

இன்னொரு விதத்துல பவர் வர்ற வரிசையிலயோ கேபிள் கோர்த்த வரிசையிலயோ நம்பர் தானா விழும். இது வசதிதான், ஆனா லாக் பண்ணாம விட்டா ஒரு நாள் யாரோ க்ளீனிங்குக்கு கேபிள கழட்டி மாத்தி சொருகினதும் எல்லாம் நகந்துரும். நம்பர் விழுந்ததும் கான்ஃபிகரேஷன சேவ் பண்ணி, லாக் வசதி இருந்தா லாக் பண்ணி, கேபிள் ரெண்டு முனையிலயும் லேபிள் ஒட்டுங்க.

ஈத்தர்நெட்ல வர்ற மாட்யூல்னா ஐபி அட்ரஸ் கைல குடுக்கறது நல்லது, டிஎச்சிபி (ரௌட்டரே ஐபி குடுக்கறது) விட்டீங்கன்னா ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகற அன்னைக்கு வேற ஐபி வாங்கிட்டு வந்து நிக்கலாம். குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஐபிக்கு பிங் அடிங்க, பதில் வந்தா அது ஏற்கனவே யாரோ ஒருத்தரோடது.

9. ஒரே அட்ரஸ்ல ரெண்டு மாட்யூல் இருந்தா என்ன நடக்கும்

இத தெரிஞ்சு வச்சுக்கறது எதுக்குன்னா, இந்தக் கோளாறு உடனே தெரியாது. ரெண்டு நாள் நல்லா ஓடும், மூணாவது நாள் காலை ஷோல காட்டும்.

கேன்ல ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஐடி உண்டு, மாட்யூல் அட்ரஸ்ல இருந்துதான் வழக்கமா அது உருவாகும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சா சின்ன ஐடி ஜெயிக்கும், மத்தவர் ஒதுங்கிப் போய் அப்புறம் அனுப்புவார், யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா ரெண்டு பேர் ஐடியும் ஒண்ணுன்னா யாரும் ஒதுங்க மாட்டாங்க, ரெண்டு பேரும் தொடர்ந்து பேசிட்டே போய் உள்ள இருக்கற டேட்டா வித்தியாசப்படற இடத்துல மோதிக்குவாங்க. அனுப்பறவரோட எர்ரர் கவுன்ட்டர் ஒவ்வொரு மோதலுக்கும் 8 ஏறும், நல்லா போன செய்திக்கு 1 இறங்கும். 255-ஐ தாண்டினா அந்த மாட்யூல் தானா பஸ்ஸ விட்டு வெளியேறிடும், அதாவது 0-ல இருந்து தொடர்ச்சியா 32 மோதல் போதும்.

ஆனா ரெண்டு மாட்யூலயும் ஒரே கணத்துல தொட்டாத்தான் இந்த மோதல். ஒருத்தர் மட்டும் உக்காந்து ஒவ்வொரு பட்டனா அழுத்தி டெஸ்ட் பண்ணும்போது எதுவும் தெரியாது. ரெண்டு ஆர்ஜே உக்காந்து ரெண்டு பக்கமும் ஃபேடர் தள்ளும்போதுதான் மாட்யூல் செத்த மாதிரி ஆகும். ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும். அதனால எல்லாரும் "பவர் சப்ளை வீக்"னு சொல்லுவாங்க. ஒரு ஸ்டேஷன்ல பவர் சப்ளைய ரெண்டு தடவை மாத்திட்டாங்க, கடைசில பாத்தா ரெண்டு மாட்யூல் அட்ரஸும் 2.

இத பிடிக்க சுலபமான வழி, ஒரு மாட்யூல்ல ஆன் பட்டன அழுத்துங்க, மத்த எல்லா மாட்யூல் எல்இடியையும் பாருங்க. கோர் "2-ஆம் நம்பர், உன் லைட்ட போடு"ன்னு சொன்னா ரெண்டு 2-உம் சேந்து எரியும். ரெண்டு இடத்துல ஒரே நேரம் லைட் வந்தா சந்தேகமே வேண்டாம். டிவைஸ் லிஸ்ட்ல எண்ணிக்கையும் பாருங்க, 6 சொருகி 5 தெரியுதுன்னா அதே கதைதான்.

10. மேப்பிங், அப்புறம் மைக் மியூட்

அட்ரஸ் முடிஞ்சதும் கோர்ல எந்த அட்ரஸோட எந்த ஃபேடருக்கு எந்த சேனல்னு இணைக்கணும். சில சாஃப்ட்வேர்ல மாட்யூலுக்குள்ள ஃபேடர் 0-ல இருந்து 3 வரைக்கும், சிலதுல 1-ல இருந்து 4 வரைக்கும். ஒண்ணு தள்ளிப் போச்சுன்னா நீங்க மைக் 1-ஐ ஏத்தினா மைக் 2 ஏறும், இது அட்ரஸ் தப்பு இல்ல, ஸ்விட்ச தொடாதீங்க.

டெஸ்ட் பண்ணும்போது எல்லா சேனலுக்கும் ஒரே பாட்ட விடாதீங்க, எந்த ஃபேடர் எதத் திறக்குதுன்னு தெரியாது. ஒவ்வொரு சேனலுக்கும் வேற வேற சத்தம் குடுங்க, ஒருத்தர மைக்ல நின்னு சேனல் நம்பரையே சொல்லச் சொல்லுங்க. ஃபேடர் முழுசா மேல, முழுசா கீழ, ஆன், ஆஃப், க்யூ (ஏருக்குப் போகாம முன்கூட்டி கேக்கறது). மோட்டார் ஃபேடர்னா மேனுவல்ல சொன்ன மாதிரி கேலிபரேஷன் ஓட்டிருங்க.

இதுல நான் எந்த அவசரத்துலயும் விடாத ஒரு டெஸ்ட் இருக்கு, மைக் மியூட். ஸ்டூடியோவுல மைக் ஆன் ஆனா அந்த ரூம் ஸ்பீக்கர் தானா கட் ஆகணும், வாசல்ல சிவப்பு லைட் எரியணும். இந்த லாஜிக் எந்த ஃபேடர் மைக்குங்கறத அட்ரஸ வச்சுத்தான் தெரிஞ்சுக்குது. அட்ரஸ் மாறி மேப்பிங் பழசாவே இருந்தா மைக் ஆன் ஆகும், ஸ்பீக்கர் கட் ஆகாது, அந்த ஊளைச் சத்தம் ஹெட்போன் போட்டிருக்கறவர் காதுக்குத்தான் நேரா போகும், கூடவே ஏருக்கும். இந்த டெஸ்ட்ட ஸ்பீக்கர் வால்யூம் ரொம்ப கம்மியா வச்சு, யாரும் ஹெட்போன் மாட்டாம, ஒவ்வொரு மைக்கா பண்ணுங்க. சிவப்பு லைட்ட நீங்களே வாசலுக்குப் போய் பாருங்க.

11. மூணு தடவை முழு பவர் ஆஃப்

எல்லாம் ஓடுதுன்னதும் பைபாஸ எடுத்துட ஆசையா இருக்கும், கொஞ்சம் பொறுங்க. கோரையும் கன்சோலையும் முழுசா ஆஃப் பண்ணி, ஒரு நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் லிஸ்ட்ல 6-உம் அதே நம்பரோட வரணும். மூணு தடவை.

சேவ் பண்ணாம விட்ட அட்ரஸ், நடுவுல நிக்கற ரோட்டரி, வரிசை மாறி விழற ஆட்டோ நம்பர் எல்லாம் இங்கதான் வெளிய வரும். கரண்ட் போய் யூபிஎஸ் தீந்து விடியக்காலை மறுபடி வரும்போது வெளிய வர்றத விட இப்ப வர்றது எவ்வளவோ மேல்.

அப்புறம் ரெண்டு பேர் உக்காந்து பத்து நிமிஷம் எல்லா ஃபேடரையும் ஒரே நேரத்துல தள்ளுங்க, 9-ல சொன்ன மோதல் இருந்தா இதுல மாட்டும். பஸ்ஸோட எர்ரர் கவுன்ட்டர் சாஃப்ட்வேர்ல தெரிஞ்சா முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. ஏறாம இருந்தா பைபாஸ எடுங்க, ரேடியோ செட்ல திரும்பவும் ஒரு பாட்டு கேளுங்க.

12. லேபிள், பேக்கப், ஸ்பேர்

ஒவ்வொரு மாட்யூலுக்கு அடியிலயும் அட்ரஸ், ஸ்விட்ச் நிலை, தேதி எழுதின ஸ்டிக்கர். பேப்பர் பிளான ஒரு ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு கன்சோல் உள்பக்கமே ஒட்டிருங்க, ஆபீஸ் ஃபைல்ல வச்சா ராத்திரி அந்த ரூம் பூட்டியிருக்கும். புது கான்ஃபிகரேஷன பேக்கப் எடுத்து பழசையும் அழிக்காம வைங்க.

ஸ்பேர் மாட்யூல பத்தி ஒரு வார்த்தை. பல மாட்யூல் தொழிற்சாலையில இருந்து 0-லயோ 1-லயோ வரும். 3-ஆம் மாட்யூல் போச்சுன்னு அவசரத்துல ஸ்பேர பிரிச்சு அப்படியே சொருகினா, 3 வராது, ஸ்பேர் 1-ல வந்திருந்தா நல்லா ஓடிட்டு இருந்த 1-உம் சேந்து மோதும். அதனால ஸ்பேர் இருக்கற பைக்கு மேல பெருசா எழுதி ஒட்டுங்க: "அட்ரஸ் போடாம சொருகாதே. பழைய மாட்யூல பாத்து அதே மாதிரி ஸ்விட்ச் வை. கடைசி மாட்யூல்னா டெர்மினேஷன் ஆன். ஃபர்ம்வேர் வெர்ஷன் இது." ஃபர்ம்வேர் வெர்ஷன நிஜமாவே எழுதுங்க, கன்சோல அப்டேட் பண்ணும்போதெல்லாம் ஸ்பேரையும் எடுத்து சொருகி அப்டேட் பண்ணி, பையில இருக்கற வெர்ஷன அடிச்சு புதுச எழுதுங்க. அந்தப் பைய திறக்கப் போறது நீங்களா இருக்க மாட்டீங்க, அன்னைக்கு நைட் ட்யூட்டில இருக்கற புதுப் பையனாத்தான் இருப்பான்.